எண்ணிம நூலகங்களைப் பற்றிய இணையப் பக்கங்களை மதிப்பிடுவது எப்படி?

கொழும்பில் நூலகவியல் டிப்ளோமாவுக்குப் படிப்பவர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் காட்டும் ஒப்படைகளில் எண்ணிம நூலகம், அதாவது டிஜிட்டல் நூலகம், பற்றிய தலைப்பை அடிக்கடி காண்கிறேன். கட்டுரையின் அடியில் பத்துப் பன்னிரண்டு இணைய முகவரிகள் வரிசையாக இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால், பெரும்பாலானவை ஒரே பக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டவை என்பது சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தொடக்கநிலையாளருக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

இந்தத் துறையில் நமக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. மருந்தைப் பற்றிய பக்கத்தைச் சரிபார்க்க மருத்துவரிடம் போக வேண்டும். எண்ணிம நூலகத்தைப் பற்றிய பக்கத்தைச் சரிபார்க்க வேண்டுமானால், அந்த நூலகத்தின் வாசல் அதே திரையில் திறந்து கிடக்கிறது.

படி 1: கேள்வியை எழுதுங்கள், சொற்களைத் திரட்டுங்கள்

தேடத் தொடங்குமுன் உங்கள் கேள்வியை ஒரே வாக்கியமாகக் கொப்பியில் எழுதிவிடுங்கள். பயிற்சிக்காக, “தமிழின் முதல் எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமே” என்று ஒரு பக்கம் கூறுவதாக வைத்துக்கொள்வோம். நூலகம் என்பது இங்கே ஈழத்து நூல்களை இணையத்தில் தரும் ஒரு திட்டத்தின் பெயர். அந்தக் கூற்று சரியா என்பதே நம் கேள்வி.

அடுத்தது சொற்கள். இலங்கையில் நாம் “இலத்திரனியல் நூலகம்” என்று எழுதுவதைத் தமிழ்நாட்டில் “மின்னூலகம்” என்றும் “மின்னணு நூலகம்” என்றும் எழுதுவார்கள். “எண்ணிம நூலகம்”, “டிஜிட்டல் நூலகம்”, “இணைய நூலகம்” என்பனவும் வழக்கில் உள்ளன. ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடினால், ஒரு கரையின் எழுத்து மட்டுமே கிடைக்கும். இவை அனைத்தையும் தனித்தனியே இட்டுத் தேடுங்கள். தேடல் முடிவுகளின் உச்சியில் இயந்திரம் எழுதித் தரும் சுருக்கத்தைச் சான்றாகக் கொள்ளாமல், அது சுட்டும் பக்கத்தைத் திறந்து படியுங்கள்.

படி 2: பக்கத்தை விட்டு வெளியே வந்து எழுதியவரைத் தேடுங்கள்

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மாணவர்களும் வரலாற்றறிஞர்களும் தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்களும் இணையப் பக்கங்களை எப்படி வாசிக்கிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தனர். சரிபார்ப்பாளர்கள் அறிமுகமில்லாத பக்கத்தில் அதிக நேரம் தங்கவில்லை; உடனே வேறு தாவல்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். ஒரு தளத்தின் “எம்மைப் பற்றி” என்ற பகுதி அது தன்னைப் பற்றித் தானே கூறுவது. அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. முகவரியின் ஈற்றில் டொட் ஓஆர்ஜி என்று இருப்பதும் எதையும் நிரூபிக்காது, ஏனெனில் அதை எவரும் பதிவு செய்துகொள்ளலாம். விக்கிப்பீடியாக் கட்டுரையானால், அதன் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பாருங்கள்.

படி 3: எழுதப்பட்ட காலத்தைக் கண்டுபிடியுங்கள்

திகதி போடாத பக்கங்கள் ஏராளம். அங்கே உள்ளடக்கத்தைக் கொண்டே காலத்தைக் கணிக்கலாம். 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகிறது; பழைய பெயரை மட்டுமே சொல்லும் பக்கம் பெரும்பாலும் பழைய பக்கம்தான். இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முகவரியை இட்டால், அந்தப் பக்கத்தின் முந்தைய படிகள் திகதியோடு கிடைக்கக்கூடும். பழமை என்பதற்காகவே ஒன்றை ஒதுக்கிவிடவும் கூடாது. டி-லிப் மகசின் 1995 முதல் 2017 வரை வெளிவந்து நின்றுபோன இதழ். எண்ணிம நூலகங்களின் தொடக்க ஆண்டுகளை அறிய இன்றும் அது நல்ல சான்று. ஆனால் இன்றைய மென்பொருளைப் பற்றி அறிய அதை நாடக் கூடாது.

படி 4: கூற்றின் வேரைத் தேடிப் போங்கள்

இப்போது நம் பயிற்சி வாக்கியத்துக்கு வருவோம். மதுரைத் திட்டம் 1998ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கப்பட்டது. நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. அப்படியானால் “முதல்” என்ற சொல் நிற்காது. என்றாலும் எழுதியவர் பொய் சொன்னார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து வெளியிடுகிறது. நூலகம் திட்டமோ ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் பெரும்பாலும் ஸ்கேன் செய்து, பக்கங்களின் படிமங்களாகத் தருகிறது. “எண்ணிம நூலகம்” என்று எழுதியவர் இவற்றுள் எதை எண்ணிச் சொன்னார் என்று கேட்டால்தான் வாக்கியம் தெளிவாகும். உலக அளவிலும் இதே சிக்கல் உண்டு. 1971இல் தொடங்கிய மின்னூல் திட்டமான குட்டன்பேர்க் திட்டத்தை விட்டுவிட்டு, எல்லாம் 1990களில்தான் தொடங்கின என்று எழுதும் பக்கங்களும் உள்ளன.

எண்களில் இன்னும் கவனம் தேவை. நம்மவர்கள் எண்ணிம நூலகம் பற்றி எழுதும்போது, 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்திலிருந்து தொடங்குவது வழக்கம். அப்படித் தொடங்குவதே நியாயம் என்பது என் எண்ணமும். ஆனால் அழிந்தவை 97,000 என்று சில பக்கங்களும் 95,000 என்று சில பக்கங்களும் கூறுகின்றன. சிலர் நூல்களை மட்டும் குறிப்பிடுகிறார்கள், சிலர் கையெழுத்துப் பிரதிகளையும் சேர்த்துச் சொல்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு பக்கத்தில் கண்ட எண்ணை மூலம் பாராமல் மாணவர் கையேடு ஒன்றில் சேர்த்துவிட்டேன்; அந்தக் கையேட்டைப் பார்த்து வேறு இருவர் எழுதியதைப் பின்னர் கண்டு மிகவும் வருந்தினேன். அன்றிலிருந்து, எண்ணை எழுதினால் அதைச் சொன்னவரையும் சேர்த்தே எழுதுகிறேன். அவ்வளவு பெரிய இழப்பைப் பற்றி எழுதும் நாம், அதன் கணக்கிலும் கவனமாக இருக்க வேண்டும்.

படி 5: நூலகத்துக்குள் நுழைந்து ஒரு நூலைத் திறவுங்கள்

பெரும்பாலோர் தவிர்க்கும் படி இதுதான். “எல்லா நூல்களையும் தேடலாம், தரவிறக்கலாம்” என்று ஒரு பக்கம் புகழ்ந்தால், அந்த நூலகத்தில் ஒரே ஒரு நூலைத் தேர்ந்து திறந்து பாருங்கள். நூலகம் தளத்தில் ஒரு நூலின் பக்கத்தைத் திறந்தால் நூலக எண், ஆசிரியர், நூல் வகை, மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்ற விவரங்கள் இருக்கும். கோப்பைத் திறந்து, கடைசிப் பக்கத்தின் எண்ணை அந்த விவரத்தோடு ஒப்பிடுங்கள். இடையில் பக்கம் விடுபட்டுள்ளதா, ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அச்சுப் பிரதி கிடைத்தால் இன்னும் நல்லது. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் கொழும்பு 7இல் பொது நூலகமும் இருக்கையில், ஒரு பிற்பகலை இதற்குச் செலவிடலாம்.

பின்னர் ஒரு வரியைப் படியெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்துகளாகவே வந்தால் அது ஒருங்குறியில் (யுனிகோடில்) உள்ளது. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கலந்து வந்தால், இலங்கையில் நெடுங்காலம் புழங்கிய பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், தமிழில் தேடும் தேடுபொறிக்கு அது அகப்படாது. வரியைத் தெரிவு செய்யவே முடியாவிட்டால் அது வெறும் படிமம். “தேடலாம்” என்ற புகழ்ச்சி எவ்வளவு தூரம் உண்மை என்பது இந்த ஒரு சோதனையிலேயே விளங்கிவிடும்.

படி 6: உரிமை பற்றிக் கூறுவதைச் சோதியுங்கள்

“இலவசம்” என்பதும் “பதிப்புரிமை அற்றது” என்பதும் ஒன்றல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, உரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிக்கும். இந்தியாவில் அது 60 ஆண்டுகள். 1960இல் மறைந்த ஒருவரின் நூலுக்கு அங்கே பதிப்புரிமை முடிந்திருக்க, இங்கே அது இன்னும் பதிப்புரிமைக்குள் இருக்கக்கூடும். தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமை ஆக்கிய, அதாவது எவரும் வெளியிடலாம் என்று திறந்துவிட்ட, நூல்கள் வேறொரு வகை. எந்த நாட்டின் சட்டம் என்று சொல்லாமல் உரிமை பற்றி எழுதும் பக்கத்தை நான் நம்புவதில்லை.

படி 7: பார்த்ததைப் பதிந்து வையுங்கள்

கொப்பியில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து விவரங்களைக் குறியுங்கள்: முகவரி, பார்த்த திகதி, எழுதியவர், நீங்கள் சோதித்த கூற்று, சோதனையின் முடிவு. பின்னர் வேபேக் மெஷினில் பக்கத்தைச் சேமிக்கும் கட்டத்தில் அந்த முகவரியை இட்டு, கிடைக்கும் புதிய முகவரியையும் அருகில் எழுதிவிடுங்கள். உங்கள் ஒப்படையைத் திருத்துபவர் திறக்கும் நாளில் மூலப் பக்கம் மறைந்திருந்தாலும், நீங்கள் பார்த்ததை அவரும் பார்க்கலாம்.