பத்திரத்தில் 10 சென்ட், தரையில் 9: வாங்கிய நிலத்தின் அளவு குறைந்தால் செய்ய வேண்டியவை

சார்பதிவாளர் அலுவலகத்தில் யாரும் நிலத்தை அளப்பதில்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்குத் தேவை, சொத்து எது என்று அடையாளம் காணும் அளவுக்கான விவரம்தான். சர்வே எண், நான்கெல்லை, விஸ்தீரணம் எல்லாம் எழுதியிருந்தால் பத்திரம் பதிவாகிவிடும். எழுதிய விஸ்தீரணம் தரையில் இருக்கிறதா என்பதை அங்கே யாரும் பார்ப்பதில்லை. "பதிவே ஆகிவிட்டது, பிறகு எப்படிக் குறையும்?" என்று கேட்பவர்கள் முதலில் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு நிலத்துக்கும் மூன்று அளவுகள் உண்டு. பத்திரத்தில் எழுதியது ஒன்று, பட்டாவிலும் அ-பதிவேட்டிலும் (கிராமத்து நிலங்களின் வருவாய்க் கணக்கு) இருப்பது இன்னொன்று, கல்லுக்குக் கல் தரையில் கிடப்பது மூன்றாவது. பிரச்சினை வந்தால் இந்த மூன்றில் எது தவறு என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிழை பத்திரத்தில் இருந்தால் விற்றவரிடம் போக வேண்டும். பட்டாவில் இருந்தால் வருவாய்த் துறையிடம். தரையில் இருந்தால் பக்கத்து நிலத்துக்காரரிடமும், தேவைப்பட்டால் உரிமையியல் நீதிமன்றத்திடமும். பிழை எங்கே என்று தெரியாமல் தவறான கதவைத் தட்டி வருடக்கணக்கில் அலைபவர்கள்தான் அதிகம்.

முதலில் எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றுங்கள்

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 100 சென்ட் ஓர் ஏக்கர், அதாவது 43,560 சதுர அடி. ஓர் ஏர் 100 சதுர மீட்டர். சதுர அடியில் 1,076.4, சென்டில் 2.47. 100 ஏர் ஒரு ஹெக்டேர். சென்னைப் பக்கம் ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. டெல்டா மாவட்டங்களின் பழைய பத்திரங்களில் குழி, மா என்று இருக்கும். 144 சதுர அடிக் குழி என்றால் 100 குழி சேர்ந்த ஒரு மா 14,400 சதுர அடி, சுமார் 33 சென்ட். குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால், எத்தனை அடிக் கோலால் அளந்த குழி என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பட்டாவில் அளவு ஹெக்டேர்-ஏர் என்ற வரிசையில் இருக்கும். 0-04.00 என்று இருந்தால் அது 4 சென்ட் அல்ல, 4 ஏர். அதாவது 9.88 சென்ட், 4,306 சதுர அடி. பத்திரத்தில் 10 சென்ட் (4,356 சதுர அடி) என்று இருந்தால் வித்தியாசம் 50 சதுர அடிதான். கிராமக் கணக்கில் பல அளவுகளைப் பாதி ஏருக்கு முழுமையாக்கி எழுதியிருக்கிறார்கள். பாதி ஏர் என்பதே 538 சதுர அடி. ஆகவே 50 சதுர அடி வித்தியாசத்துக்காக மனு போட வேண்டியதில்லை. 400, 500 சதுர அடி என்றால் அடுத்த படிக்குப் போங்கள்.

நான்கு பக்க அளவை வைத்துப் பரப்பு போடும் பழக்கம்

பத்திரத்தில் சொத்து விவரம் இப்படி இருக்கும்: கிழமேலடி (கிழக்கு மேற்காக) வடபுறம் 40, தென்புறம் 36, தென்வடலடி (தெற்கு வடக்காக) மேல்புறம் 64, கீழ்புறம் 60. பத்திரம் எழுதுபவர் எதிரெதிர்ப் பக்கங்களைச் சராசரி எடுத்து 38 × 62 = 2,356 சதுர அடி என்று போட்டுவிடுவார். மூலை நான்கும் செங்கோணமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரி. கோணல் மனையில் இது எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது.

சரிபார்க்க ஒரு மூலைவிட்டம் போதும். வடமேற்கு மூலையிலிருந்து தென்கிழக்கு மூலைக்கு டேப் பிடியுங்கள். 64 அடி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மனை இரண்டு முக்கோணமாகிறது. 40, 60, 64 பக்கமுள்ள முக்கோணம் 1,168 சதுர அடி. 36, 64, 64 பக்கமுள்ளது 1,105 சதுர அடி. கூட்டினால் 2,273. நான்கு பக்கமும் பத்திரப்படியே இருக்கின்றன, ஆனால் 83 சதுர அடி இல்லை. யாரும் ஆக்கிரமிக்கவில்லை, கணக்குத்தான் தப்பு. இதைப் பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரரோடு மோதுவது வீண்.

காகிதங்களை எந்த வரிசையில் படிப்பது

கிரையப் பத்திரம், தாய்ப்பத்திரம் (விற்றவருக்கு நிலம் வந்த முந்தைய பத்திரம்), பட்டா, அ-பதிவேட்டு நகல், புலப்படம் (எஃப்.எம்.பி., சர்வே எண்ணின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் வரைபடம்), வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுத்து வையுங்கள். நகரம் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவை அரசின் இ-சேவைத் தளத்தில் கிடைக்கும். வில்லங்கச் சான்று பதிவுத்துறையின் தளத்தில்.

தாய்ப்பத்திரத்தில்தான் பெரும்பாலும் முடிச்சு இருக்கும். விற்றவருக்கு 1 ஏக்கர் 20 சென்ட் இருந்தது என்றால், அவரும் அவருக்கு முன் இருந்தவர்களும் யார் யாருக்கு எவ்வளவு விற்றார்கள் என்று வில்லங்கச் சான்றிலிருந்து வரிசையாக எழுதிக் கூட்டுங்கள். 60, 40, 30 என்று கூட்டல் 130 சென்டுக்குப் போனால், இல்லாத 10 சென்டை யாரோ வாங்கியிருக்கிறார். சொத்து மாற்றுச் சட்டம் 48ஆம் பிரிவின்படி முன்னால் வாங்கியவருக்கே முன்னுரிமை; குறைவு கடைசியாக வாங்கியவர் தலையில் விழும். சாலைக்கு விட்டது, மின்பாதைக்கோ நெடுஞ்சாலைக்கோ எடுத்தது, ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தது ஆகியவற்றையும் இதே கணக்கில் கழிக்க வேண்டும்.

அடுத்து செக்குப்பந்தி, அதாவது நான்கெல்லை விவரம். "இன்னாருடைய நிலத்துக்குத் தெற்கு" என்றால் அவர் நிலம் உங்களுக்கு வடக்கே இருக்கிறது என்று பொருள். இதைத் தலைகீழாகப் படித்து எல்லையையே மாற்றி நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. பழைய பத்திரத்தின் நான்கெல்லையை அப்படியே படியெடுத்து, நாற்பது வருடத்துக்கு முன் இறந்தவரை எல்லைக்காரராகக் காட்டும் பத்திரங்களும் ஏராளம். விஸ்தீரணமும் நான்கெல்லையும் முரண்பட்டால், எல்லைகள் தெளிவாகவும் தரையில் காட்டக்கூடியவையாகவும் இருக்கும்போது நீதிமன்றங்கள் பொதுவாக எல்லைகளையே ஏற்கின்றன. ஆகவே நான்கெல்லை சரியாக இருந்தால் சென்ட் கணக்கில் வந்த பிழை உங்கள் உரிமையை ஒழித்துவிடாது. அதே விதியால், எல்லைக்குள் 9 சென்ட்தான் இருக்கிறது என்றால் "10 எழுதியிருக்கிறதே" என்று பக்கத்து நிலத்தில் கைவைக்கவும் முடியாது.

தரையில் அளப்பது

தனியார் சர்வேயரை வைத்து டோட்டல் ஸ்டேஷன் கருவியில் ஒருமுறை அளந்து பாருங்கள். அந்த வரைபடம் பக்கத்துக்காரரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் குறைவு எந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். எங்கிருந்து அளக்கத் தொடங்குகிறார் என்பதைக் கவனியுங்கள். பக்கத்து வீட்டு மதிலையோ வரப்பையோ பிடித்து அளந்தால் அவர்கள் செய்த பிழை உங்கள் அளவுக்குள் வந்துவிடும். புலப்படத்தில் காட்டியிருக்கும் எல்லைக் கற்கள், குறிப்பாக மூன்று புலங்கள் கூடும் இடத்து முச்சந்திக் கல், இவற்றில் குறைந்தது இரண்டைக் கண்டுபிடித்து, அவற்றுக்கு இடையிலான தூரம் புலப்படத்து அளவோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே போக வேண்டும். இப்போதைய புலப்படங்களில் அளவு மீட்டரில், பழையவற்றில் லிங்கில். ஒரு லிங்க் 7.92 அங்குலம், 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி.

மனைப்பிரிவு என்றால் உங்கள் மனையை மட்டும் அளந்து பயனில்லை. வரிசையின் முதல் மனைக்காரர் மூன்று அங்குலம் தள்ளி மதில் கட்டியிருப்பார், அடுத்தவர் இன்னும் மூன்று அங்குலம். பன்னிரண்டு மனை தாண்டினால் மூன்று அடி போய்விடும். 60 அடி ஆழமுள்ள கடைசி மனையில் அது 180 சதுர அடி. அனுமதி பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மனைப்பிரிவின் வெளி எல்லையிலிருந்தும் சாலையின் அகலத்திலிருந்தும் அளந்து வாருங்கள்.

குறைவு உறுதியானால் அரசு அளவைக்கு மனு கொடுங்கள். அலுவலகங்களில் இதை எஃப் லைன் மனு என்பார்கள். இணையவழியிலும் பொது சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம்; கட்டணத்துக்கு ரசீது உண்டு. சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண்ணோடு அண்டைப் பட்டாதாரர்களின் பெயரும் முகவரியும் சரியாக இருக்க வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பக்கத்துக்காரருக்கு முறையாக அறிவிப்பு போய்ச் சேராமல் அளந்தால், "என் முதுகுக்குப் பின்னால் அளந்தார்கள்" என்ற ஒரே வாதத்தில் பிறகு அந்த அளவை அடிபட்டுப்போகும். வயலென்றால் அறுவடை முடிந்த பிறகு தேதி கேளுங்கள். நிற்கும் பயிரில் கல்லைத் தேட முடியாது.

அளக்கும் நாளில் நில அளவர் எந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறார் என்று கேட்டு, அந்தத் தூரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நட்ட கற்களை அருகிலுள்ள நிலையான அடையாளங்களோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். வரைபடத்தில் அளவுகள் நிரப்பப்படும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். முடிவு ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டால் வட்டத் துணை ஆய்வாளரைக் கொண்டு மறு அளவை கேட்கலாம். எல்லை குறித்து நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் பொதுவாக அளக்க மாட்டார்கள். நீதிமன்றத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

பிழை பத்திரத்தில் என்றால்

சர்வே எண், பக்க அளவு, கூட்டல் போன்றவற்றில் தவறு என்றால் பிழைதிருத்தல் பத்திரம் போதும். ஆனால் அதில் விற்றவரும் கையெழுத்திட வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகள் அனைவரும். பவர் ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்து, பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்த ஏஜென்ட் கையெழுத்து செல்லாது. விஸ்தீரணத்தைக் கூட்டுவதாக இருந்தால், கூடும் பகுதியைப் புதுக் கிரையமாகக் கருதி முத்திரைத் தீர்வை கேட்பார்கள். விற்றவர் மறுத்தால் வக்கீல் நோட்டீஸ், பிறகு 1963ஆம் ஆண்டுக் குறித்தவகை நிவாரணச் சட்டம் 26ஆம் பிரிவின்படி திருத்தம் கோரும் வழக்கு. பிழை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக் கெடுவைத் தாண்டவிடாதீர்கள்.

விற்றவர் இல்லாத நிலத்தை விற்றிருந்தால் பத்திரத்தைத் திருத்திப் பயனில்லை. குறைந்த அளவுக்கு உரிய தொகையைத் திருப்பிக் கேட்க வேண்டும். பத்திரத்தில் குறைவுக்கு ஈடு செய்வதாக வாசகம் இருந்தால் வழக்கு வலுவாகும். "கூடக்குறைய நான்கெல்லைக்குட்பட்ட நிலம்" என்று மொத்த விலை பேசி எழுதியிருந்தால் வலு குறையும். அதனால் நோட்டீஸ் அனுப்பும் முன் அந்த வரியை வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள்.

பிழை பட்டாவில் என்றால்

1979இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவேடு மேம்பாட்டுத் திட்டத்தில் (யு.டி.ஆர்.) பழைய அளவுகளை மெட்ரிக் அலகுக்கு மாற்றினார்கள். உட்பிரிவு மாறியது, பெயர் விடுபட்டது, அளவு குறைந்தது என அந்தக் காலத்துப் பிழைகள் இன்றும் தலைதூக்குகின்றன. இதற்குப் புதுப் பத்திரத்தைக் காட்டினால் போதாது. யு.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு, பழைய புலப்படம், பழைய சர்வே எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துக் காட்டும் பதிவு இவற்றின் சான்றிட்ட நகல்களோடு கோட்டாட்சியரிடம் மனு கொடுங்கள். பட்டா பாஸ்புத்தகச் சட்டத்தின்படி வட்டாட்சியர் உத்தரவின் மீது மேல்முறையீடு கோட்டாட்சியரிடம். அதற்கு மேல் சீராய்வு மாவட்ட வருவாய் அலுவலரிடம். பட்டாவில் அளவு குறைந்துவிட்டது என்பதால் மட்டும் உரிமை போய்விடாது, பட்டா உரிமை ஆவணம் அல்ல. ஆனால் கடனும் கட்டட அனுமதியும் கேட்கப் போகும்போது பட்டா அளவைத்தான் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பிழை தரையில் என்றால்

பக்கத்துக்காரர் உள்ளே வந்திருந்தால் வெறும் தடையுத்தரவு வழக்கு போதாது. உரிமை விளம்புகை (நிலம் உங்களுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு), சுவாதீனம் மீட்பு, கட்டியதை அகற்ற ஆணை மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். வழக்கு தொடங்கியதுமே உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 26 விதி 9இன்படி வக்கீல் ஆணையரை நில அளவரோடு அனுப்பக் கோருங்கள். அந்த அறிக்கைதான் வழக்கின் முதுகெலும்பு. எதிரி 12 ஆண்டுகள் உரிமையாளருக்கு எதிராக வெளிப்படையாக அனுபவித்துவிட்டால் இத்தனை காலம் அனுபவித்ததால் நிலம் எனக்கே என்ற எதிரிடை அனுபவ வாதம் வரும்.

அளவு கூடுதலாக வந்தாலும் மகிழ்ந்து வேலி போடாதீர்கள். அது ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதைப் புறம்போக்காக இருக்க வாய்ப்பு உண்டு. புலப்படத்தில் அந்த விளிம்பு எந்த எண்ணில் வருகிறது என்று முதலில் பாருங்கள்.

இன்னும் பதிவு ஆகாமல் முன்பணத்தோடு நிற்பவர்களுக்கு வேலை மிக எளிது. ஒப்பந்தத்தில் மொத்த விலை எழுதாமல் சென்டுக்கு இவ்வளவு என்று எழுதி, "நில அளவர் அளந்து காட்டும் அளவுக்கே தொகை" என்ற வரியைச் சேருங்கள். அளந்த வரைபடத்தை மூலைவிட்ட அளவோடு கிரையப் பத்திரத்தில் இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் விற்பவரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.