சேப்பாக்கம் அரண்மனையைப் பார்ப்பது எப்படி?

சென்னையில் எழிலகம் என்ற அரசு அலுவலகக் கட்டடத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பக்கத்திலிருக்கும் அரண்மனையைப் பற்றி யாராவது கேட்டால், கடன் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள் என்பேன். அது தெரியாவிட்டால் வெறும் சிவப்புக் கட்டடம்தான்.

ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் கட்டிய மாளிகை இது. கட்டிக்கொடுத்தவர் பால் பென்ஃபீல்ட் என்பார்கள். நவாபுக்குக் கடன் கொடுத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களில் அவர் பெரிய கை. கொத்தனாரே வட்டிக்கடைக்காரராகவும் இருந்தால் வீடு யாருக்கு மிஞ்சும்? 1801-இல் ஆட்சி கம்பெனியிடம் போனது. 1855-இல் குலாம் கௌஸ் கான் வாரிசில்லாமல் இறந்ததும் பட்டமும் போனது. கடனை அடைக்க அரண்மனையை ஏலம் விட்டார்கள், எடுத்தது அரசாங்கமேதான்.

சரி, இப்போது நேரில் போங்கள். முதலில் நடுவில் நிற்கும் உயரமான கோபுரத்தைத் தேடுங்கள். அது நவாப் கட்டியதல்ல, அரசாங்கம் வாங்கிய பிறகு கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் சேர்த்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் கோபுரத்தை மறையுங்கள். இரண்டு பக்கமும் மிச்சமிருப்பவைதான் நவாபின் கலச மஹாலும் ஹுமாயூன் மஹாலும்.

அடுத்து கடற்கரைப் பக்கம் திரும்புங்கள். நவாப் காலத்தில் இவ்வளவு மணல் கிடையாது, அலை வெகு பக்கத்தில் இருந்தது. துறைமுகம் கட்டிய பிறகுதான் தெற்கே மணல் சேர்ந்து கடல் தள்ளிப் போனது.

கூரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சென்னைக் கட்டடங்களில் மர உத்தரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் கலவை பூசுவார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். உத்தரம் எரிந்தால் மேலே உள்ள பாரம் மொத்தமும் கீழே வரும். 2012 ஜனவரியில் கலச மஹால் தீப்பிடித்தபோது கூரை இடிந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பிறகு அதைப் புதுப்பித்து, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குக் கொடுத்தார்கள். தீர்ப்பாயம் நடக்கும் இடம் என்பதால் வாசலில் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

நேரமிருந்தால் ராயப்பேட்டை அமீர் மஹாலையும் வெளியிலிருந்து பாருங்கள், நவாப் குடும்பம் பின்னால் குடிபோன வீடு அது. காகிதத்தில் தோண்ட ஆசையென்றால் எழும்பூர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே பொதுப்பணித்துறைக் கோப்புகளிலிருந்து தொடங்குங்கள். கட்டடத்தில் யார் எதைச் சேர்த்தார்கள் என்பதற்குத் துப்பு அங்கேதான் கிடைக்கும்.