மட்டுக்குறி அசமன்பாடுகளைத் தீர்க்கும் முறை: பாம்பன் கடலில் ஓர் எண்கோடு

பாம்பனில் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தைத் தென்கடல் என்றும் சொல்கிறோம். தீவின் அகலத்தை விட்டுவிட்டுக் கரையை 0 எனக் கொண்டு, வடக்கே போகும் கடல் மைல்களை மிகை எண்களாகவும் தெற்கே போவனவற்றைக் குறை எண்களாகவும் குறித்தால், படகு எந்தக் கடலில் நின்றாலும் கரையிலிருந்து அதன் தொலைவு |x| ஆகும். எண்ணின் இருபுறமும் நிற்கும் இந்த | | கோடுகளே மட்டுக்குறி.

1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தபோது, கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று இருந்தது; அந்த அளவையே இங்கே எடுத்துக்கொள்வோம். நாட்டுப்படகுகளுக்கு விடப்பட்ட அந்தப் பகுதி |x| < 3, அதாவது −3 < x < 3 என்னும் ஒரே துண்டு. விசைப்படகுகளுக்குரிய |x| > 3 என்பதோ, x < −3 அல்லது x > 3 என இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது.

ஒரு படகு ஒரே நேரத்தில் இரு கடலிலும் நிற்க முடியாது. ‘அல்லது’ வருவது அதனால்தான். இதை மறந்து |2x + 1| > 5 என்பதை −5 > 2x + 1 > 5 என எழுதும் மாணவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். அந்த வரியின்படி −5 என்பது 5-ஐ விடப் பெரியதாகிவிடுகிறது! 2x + 1 > 5 அல்லது 2x + 1 < −5 எனத் தனித்தனியே எழுதினால், x > 2 அல்லது x < −3 என்று விடை கிடைக்கும்.

சற்றுக் கடினமான 9 − |3 − 2x| ≥ 2 என்பதைப் பார்ப்போம். மட்டுக்குறியைத் தனிமைப்படுத்தும் முன் அதை உடைக்கக் கூடாது. இப்போது தெரியும் ≥ குறியை நம்பி ‘அல்லது’ போட்டால் கணக்கு முழுவதும் தவறிவிடும். இருபுறமும் 9-ஐக் கழித்தால் −|3 − 2x| ≥ −7 வருகிறது. −1-ஆல் பெருக்கும்போது குறி திரும்பி, |3 − 2x| ≤ 7 ஆகிறது. ஆக, இது நாட்டுப்படகு வகைக் கணக்குதான். இனி −7 ≤ 3 − 2x ≤ 7 என எழுதி, மூன்று இடத்திலும் 3-ஐக் கழித்தால் −10 ≤ −2x ≤ 4. −2-ஆல் வகுக்கும்போது இரு குறிகளும் மறுபடி திரும்பி 5 ≥ x ≥ −2 கிடைக்கும். தீர்வுக் கணம் [−2, 5]. எல்லைகளான −2, 5 இரண்டையும் மூலக் கணக்கில் இட்டுப் பார்த்தால் 9 − 7 = 2 எனச் சரியாக அமையும்; அரை நிமிட வேலைதான், ஆனாலும் நான் அதை வற்புறுத்துவேன்.

வலப்புறம் குறை எண் இருந்தால் கணக்கே தேவையில்லை. தொலைவு குறை எண்ணாகாது என்பதால் |x − 4| < −2 என்பதற்குத் தீர்வு இல்லை; |x − 4| > −2 என்பதோ எல்லா மெய்யெண்களுக்கும் பொருந்தும்.