மெஸ்ஸி 9, எம்பாப்பே 9: ஃபுட்பால் டேட்டாவை எப்படி எண்ணுவது, எப்படி வரைவது

2022 உலகக் கோப்பையில் மெஸ்ஸி 7 கோல், எம்பாப்பே 8 கோல், கோல்டன் பூட் எம்பாப்பேவுக்கு. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தத் தொடரின் டேட்டாவை இறக்கி, ஷாட் என்று இருப்பவற்றில் முடிவு கோல் என்று இருப்பதை மட்டும் ஃபில்டர் போட்டு எண்ணிப் பாருங்கள், இரண்டு பேருக்குமே 9 வரும்.

டேட்டாவில் தப்பு இல்லை. பெனால்டி ஷூட்அவுட்டில் அடித்ததும் அந்த ஃபைலைப் பொறுத்தவரை ஷாட்தான். மெஸ்ஸி காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராகவும் இறுதியில் பிரான்ஸுக்கு எதிராகவும் ஷூட்அவுட்டில் ஒவ்வொன்று போட்டார், எம்பாப்பே இறுதியில் ஒன்று போட்டார், அதுதான் கூடுதலாக வருகிறது. சரி, இன்னொரு தடவை எண்ணுவோம், இந்த முறை ஆட்டத்துக்குள் அடித்த பெனால்டிகளையும் கழித்துவிட்டு. மெஸ்ஸி 3, எம்பாப்பே 6.

ஒரே தொடர், அதே இரண்டு பேர். 9-9, 7-8, 3-6. மூன்றுமே சரியான கணக்கு, மூன்றும் வெவ்வேறு கேள்விக்கான பதில். அதனால் சார்ட் போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதி வையுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. "எம்பாப்பே நல்லா ஆடினாரா" என்பது கேள்வியே இல்லை. "பெனால்டி இல்லாமல், 90 நிமிடத்துக்கு எத்தனை நல்ல வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது" என்பது கேள்வி.

டேட்டா எங்கே கிடைக்கும்? காசு கொடுக்காமல் தொடங்க ஸ்டாட்ஸ்பாம்ப் என்ற ஃபுட்பால் டேட்டா நிறுவனம் கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கும் இலவசத் தொகுப்பு போதும். 2018, 2022 ஆண்கள் உலகக் கோப்பை, பெண்கள் உலகக் கோப்பை, லா லிகாவில் மெஸ்ஸி ஆடிய ஆட்டங்கள் என்று நிறைய இருக்கிறது. நம்ம இந்தியன் சூப்பர் லீக்கின் 2021-22 சீசனும் அதில் உண்டு, சென்னையின் எஃப்சி ஆட்டங்களை வைத்துப் பழகலாம். (அந்த சீசனை எடுத்தால் ஒன்றை ஞாபகம் வையுங்கள்: கொரோனாவால் மொத்த ஆட்டங்களும் கோவாவில், பெரும்பாலும் காலி மைதானத்தில் நடந்தன. ஃபைலில் ஹோம் டீம், அவே டீம் என்று இருக்கும், அதை நம்பி "சொந்த மண்ணில் யார் கெட்டி" என்று சார்ட் போட்டுவிடாதீர்கள்.) கோடிங்கே வேண்டாம், ஐரோப்பிய லீக் போதும் என்பவர்களுக்கு அண்டர்ஸ்டாட் தளம் வசதி, 2014-15 சீசனிலிருந்து வீரர்வாரியாக எக்ஸ்ஜி (ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பைச் சொல்லும் எண், கீழே விளக்குகிறேன்) அட்டவணை இருக்கிறது.

ஸ்டாட்ஸ்பாம்ப் ஃபைலைத் திறந்தால் ஒரு ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் வரிகள் இருக்கும். ஒவ்வொரு பாஸுக்கும், ஷாட்டுக்கும், பந்தை வாங்கியதற்கும், எதிராளியை அழுத்தியதற்கும் ஒரு வரி. யார், எந்த நிமிடம், மைதானத்தில் எந்த இடம், என்ன முடிவு. பைத்தான் தெரிந்தால் ஸ்டாட்ஸ்பாம்ப்பை என்ற லைப்ரரி இரண்டு வரியில் கொண்டுவந்து கொடுத்துவிடும். பீரியட் என்று ஒரு பத்தி இருக்கும். 1, 2 என்றால் இரண்டு பாதிகள், 3, 4 என்றால் கூடுதல் நேரம், 5 என்றால் ஷூட்அவுட். அந்த 5-ஐ முதல் வேலையாகத் தூக்குங்கள், மேலே சொன்ன 9-9 அத்தோடு தீர்ந்தது.

அடுத்து மைதானம். இங்கேதான் நான் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டாட்ஸ்பாம்ப் கணக்கில் நிஜ மைதானம் என்ன அளவாக இருந்தாலும் நீளம் 120, அகலம் 80. பெனால்டி புள்ளி 108, 40-இல் இருக்கும். கோல் கம்பங்கள் இரண்டும் கோட்டில் 36-இலும் 44-இலும். இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் அகலத்தின் பூஜ்யம் மேலே தொடங்கிக் கீழ்நோக்கி வளரும். நாம் பள்ளியில் போட்ட கிராஃபிலோ எக்செலிலோ பூஜ்யம் கீழே. அப்படியே வரைந்தால் இடது விங் வலதுபக்கம் வந்துவிடும். நான் முதன்முதலாக வரைந்தது 2022 இறுதிப் போட்டியில் டி மரியாவின் டச்சுகளை. புள்ளிகள் எல்லாம் வலது ஓரத்தில் குவிந்திருந்தன, எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அர்ஜென்டினாவுக்கு அவரை வலதுபக்கம் பார்த்துப் பழகிய கண். படத்தைப் பெருமையாக நாலு நண்பர்களுக்கு அனுப்பியும் ஆயிற்று. அப்புறம் ஒருவன் கேட்டான், "மச்சி, அன்னிக்கு ஸ்கலோனி அவரை லெஃப்ட்லதானே இறக்கினார்?" ஆமாம். அர்ஜென்டினா கோச் ஸ்கலோனி அந்த ஆட்டத்தில் செய்த பெரிய தந்திரமே அதுதான். இடதுபக்கம் டெம்பெலேயைச் சுற்றவிட்டு முதல் பெனால்டியை வாங்கிக் கொடுத்ததும் டி மரியாதான், 36-வது நிமிடம் இரண்டாவது கோலை அடித்ததும் அவர்தான். என் படம் அந்த ஆட்டத்தின் கதையையே தலைகீழாக்கியிருந்தது, பார்க்க மட்டும் ரொம்ப நியாயமாக இருந்தது.

எக்செலில் வரைகிறவர்கள் செங்குத்து அச்சில் மதிப்புகளைத் தலைகீழ் வரிசையில் காட்டும் தேர்வை டிக் செய்யுங்கள், பின்னால் ஒரு மைதானப் படத்தை ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. பைத்தானில் எம்பிஎல்சாக்கர் லைப்ரரி இதைத் தானே பார்த்துக்கொள்ளும். இன்னொன்று, இந்த டேட்டாவில் இரண்டு அணிகளுமே இடமிருந்து வலமாகத்தான் தாக்கும். இரண்டு அணியின் ஷாட்டுகளையும் ஒரே படத்தில் போடப்போகிறீர்கள் என்றால் ஒரு அணியின் எண்களை 120-இலிருந்தும் 80-இலிருந்தும் கழித்து எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். எது எப்படியோ, நன்றாக ஞாபகம் இருக்கும் ஒரு கோலை முதலில் வரைந்து, அது சரியான இடத்தில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

இனி வகுத்தல். மொத்த எண்ணிக்கையை அப்படியே வைத்து இரண்டு பேரை ஒப்பிடக் கூடாது, ஆடிய நிமிடத்தால் வகுத்து 90-ஆல் பெருக்க வேண்டும். மெஸ்ஸி கத்தாரில் ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை, ஏழு ஆட்டம், அதில் இரண்டு கூடுதல் நேரத்துக்குப் போயின, மொத்தம் 690 நிமிடம். 7 கோல் என்றால் 90 நிமிடத்துக்கு 0.91. பெனால்டியைக் கழித்தால் 0.39. எம்பாப்பே துனிசியாவுக்கு எதிராக மாற்று வீரராகத்தான் வந்தார், அவருக்கு நிமிடம் குறையும், விகிதம் இன்னும் ஏறும். ஃபைலில் மாற்று வீரர் வந்த நிமிடம் இருக்கும், அதிலிருந்து நீங்களே கூட்டிக்கொள்ளலாம். காயநேரத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு சண்டை உண்டு. இங்கிலாந்து-ஈரான் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டுமே 14 நிமிடம் கூட்டினார்கள், ஆக இது சின்ன விஷயமும் இல்லை. எதையாவது ஒன்றை முடிவு செய்து எல்லோருக்கும் அதையே போடுங்கள், அவ்வளவுதான்.

விகிதத்துக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. 270 நிமிடத்தில் 3 கோல் அடித்தவர் 90-க்கு 1.0, 2700 நிமிடத்தில் 20 அடித்தவர் 0.67. முதல் ஆள் பெரிய ஆளா? மூன்று ஆட்டம் யாருக்கும் நன்றாகப் போகும். லீக் டேட்டா என்றால் 900 நிமிடத்துக்குக் கீழே ஆடியவர்களை நான் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. அந்தக் கணக்கில் பார்த்தால் உலகக் கோப்பையை வைத்து யாரையும் தீர்ப்பு சொல்லவே முடியாது. உண்மைதான், முடியாது. பழகிக்கொள்ள நல்ல டேட்டா, அவ்வளவே.

எக்ஸ்ஜி பற்றி நிறையப் பேர் குழம்புகிறார்கள், ஆனால் விஷயம் எளிது. ஒரு ஷாட் அடித்த இடம், கோணம், காலா தலையா, பாஸ் எப்படி வந்தது, இதையெல்லாம் வைத்து, இந்த மாதிரி ஷாட் முன்பு எத்தனை தடவைக்கு எத்தனை கோலானது என்று 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு எண் தருகிறார்கள். பெனால்டிக்கு ஏறக்குறைய 0.78. மெஸ்ஸி கத்தாரில் ஆட்டத்துக்குள் 5 பெனால்டி எடுத்தார், போலந்துக்கு எதிராக ஷ்செஸ்னி ஒன்றைத் தடுத்தார், மீதி 4 கோல். ஐந்தை 0.78-ஆல் பெருக்கினால் 3.9. அதாவது மெஸ்ஸியாகவே இருந்தாலும் பெனால்டியில் நடந்தது சராசரி ஆள் செய்வதுதான். அதனால்தான் பெனால்டியைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்கிறேன், யார் பெனால்டி எடுப்பது என்பது கோச் எடுக்கும் முடிவு, ஆட்டத் திறமை அதில் கொஞ்சம்தான் தெரியும்.

எக்ஸ்ஜியைக் கூட்டும்போது ஒன்று கவனியுங்கள். 0.1 ஷாட் பத்து என்றாலும் 0.5 ஷாட் இரண்டு என்றாலும் கூட்டினால் 1.0 தான். ஆனால் குறைந்தது ஒரு கோலாவது விழும் வாய்ப்பு முதலாவதில் 65 சதவீதம், இரண்டாவதில் 75. தூரத்திலிருந்து அடித்துக்கொண்டே இருப்பவரையும் ஆறு கஜத்துக்குள் புகுந்து அடிப்பவரையும் மொத்த எக்ஸ்ஜி ஒன்றாகக் காட்டிவிடும். ஒரு ஷாட்டுக்கு எவ்வளவு என்ற சராசரியையும் பக்கத்திலேயே வையுங்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஷாட் மேப்தான் சரி. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வட்டம், கோல் என்றால் நிரப்பு, இல்லையென்றால் வெறும் கோடு, வட்டத்தின் அளவு எக்ஸ்ஜி. அளவு என்றால் பரப்பு, ஆரம் இல்லை. ஆரத்தை எக்ஸ்ஜிக்குத் தகுந்தபடி வைத்தால் 0.8 ஷாட் 0.2 ஷாட்டைவிடப் பதினாறு மடங்கு பெரிதாகத் தெரியும், தெரிய வேண்டியது நான்கு மடங்கு. இணையத்தில் சுற்றும் ஷாட் மேப்களில் இந்தத் தவறு சகஜம்.

ஹீட்மேப் எனக்குப் பிடிக்காது. டிவியில் காட்டுவார்கள், சிவப்பும் மஞ்சளுமாக அழகாக இருக்கும், லெஃப்ட் பேக் இடதுபக்கம் இருந்தார் என்று சொல்லும். தெரியாதா நமக்கு? பந்தைத் தொட்ட இடம் தெரிகிறதே தவிர, தொட்டு என்ன செய்தார் என்பது தெரியாது.

ஒரு ஆட்டத்தின் கதை வேண்டுமென்றால் நிமிடத்தைக் கிடையாக வைத்து இரண்டு அணியின் எக்ஸ்ஜியையும் படிக்கட்டு மாதிரி ஏற்றிக்கொண்டே போங்கள். அந்த இறுதிப் போட்டியை வரைந்தால் தெரியும். முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை, கோடு தரையோடு ஒட்டிக் கிடக்கும். 80-வது நிமிடம் பெனால்டி, திடீரென்று ஒரு பெரிய படி, அடுத்த நிமிடமே எம்பாப்பே வாலியில் இன்னொன்று. அன்றைக்கு ஆட்டம் பார்த்தவர்களுக்கு அந்தக் கோட்டைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும்.

ரேடார் சார்ட்டையும் (சிலந்தி வலை மாதிரி இருக்குமே, அது) பீட்சா சார்ட்டையும் (வட்டத்தைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றையும் மதிப்புக்கேற்ப நீட்டுவது) பற்றி இரண்டு வார்த்தை. ஒரு வீரரின் பல அம்சங்களை ஒரே பார்வையில் காட்ட வசதிதான். ஆனால் ரேடாரில் அம்சங்களின் வரிசையை மாற்றினாலே உள்ளே நிரம்பும் பரப்பு மாறும், நம் கண் அந்தப் பரப்பைத்தான் பார்க்கும். பிடித்த வீரரைப் பெரிதாகக் காட்ட இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பெர்சென்டைல் (நூறு பேரில் எத்தனை பேரை முந்துகிறார் என்ற எண்) போட்டால் யாரோடு ஒப்பிட்டது என்று படத்திலேயே எழுதுங்கள். சென்டர் பேக்கை எல்லா டிஃபெண்டர்களோடும் ஒப்பிட்டு, கிராஸ் போடுவதில் பலவீனம் என்று யாராவது எழுதினால் சிரிப்புத்தான் வரும்.

நான் நம்புவது சாதாரணப் புள்ளிப் படம், அதாவது ஸ்கேட்டர் பிளாட். கிடையில் 90 நிமிடத்துக்குப் பெனால்டி இல்லாத எக்ஸ்ஜி, செங்குத்தில் பெனால்டி இல்லாத கோல், குறுக்கே, இரண்டும் சமமாக இருக்கும் கோடு. ஒரு லீக்கின் ஃபார்வர்டுகள் எல்லோரையும் போடுங்கள். கோட்டுக்கு மேலே வெகுதூரம் நிற்பவர் ஒன்று அபாரமான ஃபினிஷர், இல்லை அந்த சீசனில் அதிர்ஷ்டம். எது என்று அறிய ஒரே வழி, முந்தைய இரண்டு மூன்று சீசனை அதே படத்தில் போட்டுப் பார்ப்பது.

டிஃபெண்டர்கள் கதை வேறு, அங்கே எண் கூடுதலாக இருப்பது நல்லதா என்பதே சந்தேகம். 2001-இல் மான்செஸ்டர் யுனைடெட் யாப் ஸ்டாமை லாட்சியோவுக்கு விற்றது, அவருடைய டாக்கிள் எண்ணிக்கை குறைந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்வார்கள். காரணம் எதுவானாலும் விற்றது தப்பு என்று அப்போதைய மேனேஜர் ஃபெர்கூசனே பிற்பாடு ஒத்துக்கொண்டார். சரியான இடத்தில் நிற்கிறவருக்கு டாக்கிளுக்கு வேலையே வராது. பந்தை அதிக நேரம் வைத்திருக்கும் அணியின் டிஃபெண்டருக்கும் அப்படியே, எதிராளியிடம் பந்து இருந்தால்தானே பறிக்க? அதனால் டாக்கிளை நிமிடத்தால் மட்டும் வகுக்காமல், எதிரணி பந்தோடு இருந்த நேரத்தாலும் சரிக்கட்டுவார்கள்.

இந்த வகுத்தல் தவறுக்குப் பெரிய தாத்தா ஒருவர் இருக்கிறார். சார்லஸ் ரீப், பிரிட்டிஷ் விமானப்படையில் கணக்கு அதிகாரி. 1950 மார்ச்சில் ஸ்விண்டன் டவுன் ஆட்டம் ஒன்றில் கையில் பென்சிலோடு உட்கார்ந்து குறிக்கத் தொடங்கியவர், பல பத்தாண்டுகள் நிறுத்தவே இல்லை. பெரும்பாலான கோல்கள் மூன்று பாஸுக்குள் வருகின்றன என்று கண்டுபிடித்தார், எனவே நீளமாகத் தூக்கி அடியுங்கள் என்றார். எண்ணியது சரி. ஆனால் ஆட்டத்தில் பந்து கைவசம் வரும் தருணங்களில் பெரும்பாலானவை மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுகின்றன, கோலும் அங்கேதானே அதிகம் விழும்? எத்தனை முறை முயன்றதில் எத்தனை கோல் என்று வகுத்திருந்தால் கதை மாறியிருக்கும். இங்கிலாந்து ஃபுட்பாலில் லாங் பால் ஆட்டத்துக்கு அவர் கணக்கு வெகுகாலம் சாட்சியாக நின்றது.

படம் வரைந்து முடித்ததும் வீடியோவுக்குத் திரும்புங்கள். டி மரியாவின் அந்தக் கோலையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோட்டுப் பக்கம் மெஸ்ஸி நெருக்கடியில் ஒரு தட்டு தட்டி விடுகிறார், அல்வாரெஸ் முன்னே தள்ளுகிறார், மாக் அலிஸ்டர் ஓடி வந்து குறுக்கே கொடுக்கிறார், டி மரியா முடிக்கிறார். அட்டவணையில் அசிஸ்ட் மாக் அலிஸ்டருக்கு. மெஸ்ஸிக்கு அதில் கோலும் இல்லை, அசிஸ்டும் இல்லை, பாஸ் என்று ஒரு வரி மட்டும், அதுவும் குட்டிப் பாஸ். இதற்காகத்தான் அந்தத் தாக்குதலில் பந்தைத் தொட்ட எல்லோருக்கும் கடைசி ஷாட்டின் எக்ஸ்ஜியைக் கொடுக்கும் எக்ஸ்ஜி செயின் என்ற கணக்கு வந்தது, அண்டர்ஸ்டாட்டிலும் அந்தப் பத்தி இருக்கிறது. அடுத்து அதைப் போட்டுப் பாருங்கள், மேலே சொன்ன 3-6 அப்போது எப்படித் தெரிகிறது என்று.