கூடைப்பந்து வீரரின் உட்சுமையை ஒரே கேள்வியில் கணக்கிடுவது எப்படி?

ஓடிய தூரம், தாவிய எண்ணிக்கை இவையெல்லாம் வெளிச்சுமை. அதைச் செய்து முடிக்க உடல் பட்ட பாடுதான் உட்சுமை. சிங்கப்பூரில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். குளிர்சாதன அரங்கில் சுலபமாக இருந்த ஓட்டம், புழுக்கமான பள்ளி மண்டபத்தில் மூச்சு முட்ட வைக்கும். தேசிய சேவை முகாமிலிருந்து நேராக வருபவருக்கும் நோன்பிருப்பவருக்கும் அதே பயிற்சி வேறு மாதிரி இருக்கும்.

அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் உருவாக்கிய எளிய முறை இதற்கு இருக்கிறது. உயர்மட்ட அணிகளும் பயன்படுத்தும் முறை இது, செலவே இல்லை.

படி 1. 0 முதல் 10 வரை ஓர் அளவுகோலை வீரர்களிடம் கொடுங்கள். 0 ஓய்வு, 3 மிதம், 5 கடினம், 7 மிகக் கடினம், 10 உச்சம்.

படி 2. பயிற்சி முடிந்து சுமார் 30 நிமிடம் கழித்து, “இன்றைய பயிற்சி மொத்தத்தில் எப்படி இருந்தது?” என்று கேளுங்கள். உடனே கேட்டால், கடைசி ஐந்து நிமிட ஓட்டம்தான் பதிலில் தெரியும். தனித்தனியாகக் கேட்பது மிக முக்கியம். எல்லார் முன்னாலும் கேட்டால், அணித்தலைவர் 4 என்றதும் இளையவர்களும் 4 என்பார்கள். எம்ஆர்டியில் வீடு திரும்பும்போது வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் போதும்.

படி 3. அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிடம், மதிப்பெண் 6 என்றால் சுமை 540. வார்ம்-அப்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதை முதலிலேயே முடிவு செய்து, அப்புறம் மாற்றாதீர்கள்.

படி 4. வார முடிவில் ஒவ்வொருவருக்கும் மூன்று கணக்கு: மொத்தச் சுமை, ஒருசீர்மை, அழுத்தம். ஏழு நாள் சுமையின் சராசரியை அதன் திட்ட விலக்கத்தால் (standard deviation, நாளுக்கு நாள் சுமை எவ்வளவு மாறுகிறது என்பதன் அளவு) வகுத்தால் ஒருசீர்மை, அதாவது நாட்கள் எவ்வளவு ஒரே மாதிரி இருந்தன என்பது. அதை மொத்தச் சுமையால் பெருக்கினால் அழுத்தம். ஓய்வு நாளுக்கு 0 போட மறக்காதீர்கள்.

இந்தப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒருவரின் வாரம் 540, 0, 450, 300, 0, 600, 0. இன்னொருவருக்கு ஆறு நாளும் 315, ஒரு நாள் ஓய்வு. இருவருக்கும் மொத்தம் 1890தான். ஆனால் முதலாமவரின் ஒருசீர்மை சுமார் 1; மற்றவருக்கு சுமார் 2.3. அழுத்தமும் அதே விகிதத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஒருசீர்மை 2ஐத் தாண்டினால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வது வழக்கம். கடினமான நாளைக் கடினமாகவும் இலகுவான நாளை உண்மையிலேயே இலகுவாகவும் வையுங்கள்.

படி 5. ஒரு வீரரை இன்னொருவருடன் ஒப்பிடாதீர்கள். அவரவர் முந்தைய வாரங்களோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஆட்டம் உள்ள வாரத்தில் பெஞ்சில் இருப்பவர்களையும் கவனியுங்கள். அவர்களின் சுமை சத்தமில்லாமல் சரியும். மறுவாரம் திடீரென 30 நிமிடம் ஆட நேர்ந்தால் உடல் திணறும்.

இதயத் துடிப்புப் பட்டை இருந்தால் நல்லதுதான். ஆனால் தாவல், திடீர் நிறுத்தம், எடைப் பயிற்சி ஆகியவற்றின் பாரத்தைத் துடிப்பு முழுதாகக் காட்டாது. அதனால் பட்டை வாங்கிய பிறகும் கேள்வியை நிறுத்த வேண்டாம். எண் வழக்கத்தைவிட ஏறினால், மறுநாள் திட்டத்தை மாற்றும் முன் அவரை அழைத்து, தூக்கம் எப்படி, எங்கே வலிக்கிறது என்று பேசுங்கள்.