காற்று சிலிண்டர்: லிட்டரையும் பாரையும் குழப்பிக்கொள்ளும் தவறுகள்

சேலத்தில் ஏர் ரைஃபிள் (அழுத்திய காற்றால் சுடும் துப்பாக்கி) பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், வீட்டிலேயே காற்று நிரப்பிக்கொள்ள ஒரு சிலிண்டர் வாங்க நினைத்தால், முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" என்பதைத்தான். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. லிட்டர் என்பது சிலிண்டருக்குள் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்ற அளவு. பார் என்பது அந்த இடத்துக்குள் காற்று எவ்வளவு நெருக்கி அடைக்கப்பட்டிருக்கிறது என்ற அளவு. இரண்டையும் பெருக்கினால் மொத்தக் காற்றின் அளவு ஏறத்தாழக் கிடைக்கும் என்றாலும், அதில் துப்பாக்கி கேட்கும் அழுத்தத்துக்கு மேலே இருக்கும் பங்கு மட்டுமே முழு நிரப்புதலுக்கு உதவும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். துப்பாக்கியில் காற்றை அடைத்துவைக்கும் குழல் (குண்டு வெளியேறும் குழல் அல்ல) 0.2 லிட்டர் என்றும், அதை 80 பாரிலிருந்து 200 பாருக்கு ஏற்ற வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும், சாதாரண வெளிக்காற்றின் அளவில் சொன்னால், 24 லிட்டர் காற்று செலவாகும். 10 லிட்டர் சிலிண்டரில் 230 பார் இருந்தால் மொத்தம் 2,300 லிட்டர். ஆனால் 230-இலிருந்து 200 வரையுள்ள 30 பார்தான் பயன்படும் என்பதால் கையில் நிற்பது 300 லிட்டர், அதாவது 12 முழு நிரப்புதல்கள். 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் இருந்தால் மொத்தம் 2,040 லிட்டர்தான். ஆயினும் 100 பார் பயன்படுவதால் 680 லிட்டர் கிடைத்து, 28 முறை நிரப்பலாம். 300 பாரை நெருங்கும்போது காற்று இந்த எளிய கணக்குக்கு முழுமையாகக் கட்டுப்படாது என்பதால் நடைமுறையில் நான்கைந்து குறையும். அப்படியும் சிறிய சிலிண்டரே இரு மடங்கு உழைக்கிறது. பெரிதாக இருப்பதால் அதிகம் வரும் என்று நம்பிப் பணம் கொடுத்தவர்களைப் பார்க்கையில் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

அழுத்தமானியின் அலகைப் பார்க்காமல் நிரப்புவது அடுத்த தவறு. 200 பார் என்பது சுமார் 2,900 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அலகு); மெகாபாஸ்கலில் 20. அலகை மாற்றிப் படித்தால் துப்பாக்கிக்கே ஆபத்து.

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் வேறொரு குழப்பத்துக்கு ஆளாகிறார்கள். மே மாத நண்பகலில், 38 டிகிரி வெயிலில், சேலத்தில் 200 பார் நிரப்பிய துப்பாக்கியை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே கொண்டுபோய், மறுநாள் விடியற்காலை 18 டிகிரிக் குளிரில் பார்த்தால் முள் 187-ஐ ஒட்டி நிற்கும். கசிவு என்று எண்ணி நானே ஒருமுறை நல்ல நிலையில் இருந்த ஓ-ரிங்கை (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) கழற்றி மாற்றியிருக்கிறேன். காற்று குளிர்ந்து சுருங்கியது ஒன்றே காரணம். மலையின் உயரம் முள்ளை அசைக்கும் அளவு ஒரு பாரில் ஒரு சிறு பின்னம்தான். இதன் மறுபக்கம்தான் கவலைக்குரியது: ஏற்காட்டுக் குளிரில் விளிம்புவரை நிரப்பிக் கீழே இறக்கி, வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவைத்தால் அழுத்தம் அனுமதித்த எல்லையைத் தாண்டும். வேகமாக நிரப்பும்போதும் காற்று சூடேறிப் பொய்யான அளவைக் காட்டும் என்பதால் வால்வை மெல்லத் திறந்து, சற்று ஆறவிட்டு மீண்டும் பார்க்க வேண்டும்.

வெல்டிங் பட்டறையிலிருந்து ஆக்சிஜன் பிடித்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஒருபோதும் கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் துளி எண்ணெய், கிரீஸ் பட்டாலே தீப்பற்றி வெடிக்கும். ஈரமும் எண்ணெயும் நீக்கிய காற்றுதான் வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸரோ பொதுவாகப் பத்துப் பாரை ஒட்டியே நின்றுவிடும்.

சிலிண்டரின் கழுத்திலும் துப்பாக்கியின் காற்றுக் குழலிலும் பொறித்திருக்கும் தேதியை வாங்கும் அன்றே குறித்துவையுங்கள். சிலிண்டருக்கு உரிய இடைவெளியில் நீரழுத்தச் சோதனை கட்டாயம். போட்டித் துப்பாக்கிகளின் அலுமினியக் குழல்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் தரும் ஆயுள் 10 ஆண்டுகள்தான். பழைய துப்பாக்கியை மலிவாக வாங்குவோர், குழலுக்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.