படத்துக்குள் கேமரா போகும்போது தெரியும் இரட்டை உருவம்: சரிசெய்த விதம்

மொரீஷியஸின் காத்ர் போர்ன் ஊரில், மலையடிவாரக் கோயிலில் எடுத்த தைப்பூசப் புகைப்படம். முன்னே காவடி தூக்கியவர், நடுவில் கோபுரம், பின்னே மலை. மூன்றையும் தனித்தனி லேயராக (அடுக்காக) வெட்டி, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி முப்பரிமாணமாக்கினேன். அந்த மென்பொருளின் மெய்நிகர் கேமரா நகர்ந்ததும் காவடிக்காரருக்குப் பின்னால் அவரே இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்!

பின் லேயர்களில் ஆளை அழிக்காததுதான் காரணம். ஃபோட்டோஷாப்பில் ஆளைச் சுற்றிய தேர்வை (செலக்‌ஷன்) 10 பிக்சல் விரித்து, பிறகு கன்டென்ட் அவேர் ஃபில் (சுற்றியுள்ளதைக் கொண்டு அந்த இடத்தை நிரப்பும் வசதி) கொடுக்க வேண்டும். விரிக்காவிட்டால் மயிலிறகின் நீல ஓரம் மலையில் கறையாக நிற்கும்.

அடுத்தது அளவு. பின்னே தள்ளும் லேயர் சிறிதாகத் தெரியும்; பழைய அளவில் தெரிய அதைப் பெரிதாக்க வேண்டும். 1920 பிக்சல் அகலத்தில் 50 மிமீ கேமரா முன் லேயரான காவடியிலிருந்து 2667 பிக்சல் தள்ளி நிற்கும். எனவே கோபுரத்தை இசட் அச்சில் (ஆழத் திசையில்) 1333 பின்னே தள்ளினால் 150%, மலையை 2667 தள்ளினால் 200% ஆக்க வேண்டும். ஆங்கர் பாயின்ட் (லேயர் எந்தப் புள்ளியை மையமாக வைத்துப் பெரிதாகிறதோ அது) காம்பின், அதாவது காம்போசிஷன் சட்டத்தின், நடுவிலேயே இருக்கட்டும்; இல்லையென்றால் லேயர்கள் இடம் மாறிவிடும்.

கேமராவை 6 வினாடியில் 400 பிக்சல் முன்னே விட்டால் காவடி 18% பெரிதாகும், மலை 8% மட்டுமே. அந்த வித்தியாசம்தான் கண்ணுக்கு ஆழமாகத் தெரிகிறது. படம் 2300 பிக்சல் அகலமாவது இருந்தால் மங்காது. பக்கவாட்டில் அதிகம் நகர்த்தாதீர்கள், ஆள் அட்டைப் பொம்மையாகிவிடுவார்.

பாதம் தரையில் வழுக்குவது கடைசித் தொல்லை. தரை கோபுர லேயரில் இருப்பதால் வருவது அது. முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியை ஃபிரேமுக்கு வெளியே தள்ளியதும் தீர்ந்தது.